சூசையின் அளவு

வலிக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர் இருக்கிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

பெயின் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். சூசைராஜுக்கும் அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், வெயில் வந்தால் ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற ஒரு துறைமுக ஊரில், மீன் கிட்டங்கியாக இருந்து ஆபீஸாக மாறிய கட்டடத்தின் மாடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மற்ற பெயர்களெல்லாம் அவனுக்கு அறிமுகமாயின.

அது என்ன வேலை என்று ஊரில் யாரிடமும் அவன் சரியாகச் சொன்னதில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு நாற்காலி, எதிரே ஒரு திரை. பின்கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். உலகத்தில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் அதே மாதிரிப் பட்டையை ஒட்டியிருந்த ஒரு நோயாளியின் வலியைச் சின்னத் துண்டாக வெட்டி இங்கே சூசையின் உடம்புக்குள் ஓட விடுவார்கள். அவனுக்கு நிஜமாகவே வலிக்கும். துண்டு முடிந்ததும் திரையில் இருக்கும் சொற்களில் எது பொருந்துகிறதோ அதை அழுத்த வேண்டும். பிறகு அடுத்த துண்டு.

இந்தச் சொற்களை வைத்துத்தான் கம்பெனியின் கருவி பாடம் படித்தது. பாடம் இன்னும் நடக்கும்போதே கருவி இப்போது பல தேசத்து ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நோயாளிக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம், வாய் திறக்கவே வேண்டாம். பட்டையை ஒட்டினால் டாக்டரின் திரையில் சரியான சொல் வந்து நிற்கும். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் இவரை உடனே உள்ளே கூப்பிடுவதா, வெளியே உட்கார வைப்பதா என்று முடிவு செய்வார்கள்.

சொற்களை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது வதனியக்கா. பருத்தித்துறையில் பிறந்து, பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இந்தத் தேசத்துக்கு வந்தவர். இந்த மாடிக்கு அவர்தான் மேலாளர். சேர்ந்த முதல் வாரம், கேன்டீன் மேசையில் தேநீரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். ஏக் என்பது நின்று வலிப்பது. அது தலையோடு சேரும், பல்லோடு சேரும், வயிற்றோடு சேரும், நெஞ்சோடுகூடச் சேரும். ஆனால் காலோடும் கையோடும் ஏனோ ஒட்டாது. சோர் என்பது தொண்டைக்கும் பாடுபட்ட உடம்புக்கும். ஸ்டிங் தேனீக்கு, கண்ணில் போன சோப்புக்கு, சுருக்கென்று பேசிய பேச்சுக்கும். த்ராப் நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும். பேங் பசிக்கும் குற்ற உணர்ச்சிக்கும் வரும்; வந்த வேகத்தில் போய்விடும்.

சூசை அவற்றுக்குப் பக்கத்தில் தன் சொற்களை வைத்துப் பார்த்தான். பல் குடைச்சல், கால் உளைச்சல், திருக்கை முள் குத்தினால் வருகிற கடுப்பு. சில இடங்களில் இரண்டும் பொருந்தின. சில இடங்களில் நடுவே ஒரு சந்து விழுந்தது.

"இந்த டிஸ்கம்ஃபர்ட்னா என்னக்கா? வலியா, வலி இல்லையா?" என்று கேட்டான்.

வதனி சிரித்தார். "அது டொக்டர்மாரின்ரை சொல்லு. ஊசி போடேக்க சொல்லுவினம், கொஞ்சம் டிஸ்கம்ஃபர்ட் இருக்கும் எண்டு. வலிக்கப் போகுது எண்டு சொல்ல விருப்பமில்லாத ஆக்களுக்கு அந்தச் சொல்லு. அதுதான் எங்கட ஏணியில அடிப்படி."

"மேல்படி?"

"அகனி. ஒரு மனிசனால அதுக்கு மேல தாங்கேலாது எண்டால் அது."

சூசை தலையை ஆட்டிக்கொண்டான். அந்த மேல்படிச் சொல்லை அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூட அழுத்தவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சூசை தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். அவன் தெருவில் கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நடுக்கடலில் ஒருவனுக்குத் திருக்கை முள் குத்தினாலும், தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் எட்டிப் பார்த்தாலும், அவன் கத்தக் கூடாது. கத்தினால் வள்ளத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அன்றைக்கு எல்லோருக்கும் வெறும் வலைதான். அதனால் அடிபட்டவன் பக்கத்தில் கிடக்கும் கயிற்றை எடுத்துப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொள்வான். ஒண்ணுமில்ல, நீங்க இழுங்க என்பான். இழுப்பார்கள். ஸ்காட்லாந்துக்கு இழுவைக் கப்பலில் வேலைக்கு வந்து, வலை சுருட்டும் வின்ச்சுக் கயிறு இடது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோன அன்றைக்கும் சூசை கத்தவில்லை. கப்பல்காரருக்கு அவன் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

அப்படிப்பட்டவனுக்குத் துண்டுகளில் வந்த வலிகளெல்லாம் அடிப்படியிலோ அதற்கு அடுத்த படியிலோதான் நின்றன. யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கல் உடம்பையே முறுக்கிப் பிழிந்தது. அவன் ஏக் என்று அழுத்தினான். எங்கோ எண்ணெய் கொட்டிய ஒரு தோள். ஸ்டிங். திருவிழாவுக்கு என்று நல்ல சட்டையை எடுத்து வைப்பது போல அகனியை எடுத்து வைத்திருந்தான். இதைவிடப் பெரியது ஒன்று இன்னும் வரும், அன்றைக்கு அழுத்திக்கொள்ளலாம் என்று.

பக்கத்து நாற்காலி கோஜோவுடையது. கானா தேசத்துக்காரன், அவனும் கப்பலில் இருந்து இறங்கியவன்தான். ஆனால் அவன் தாராளமாக அழுத்துவான். துண்டு ஓடும்போதே கூப்பாடு போடுவான், முடிந்ததும் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தமாஷ் பேசுவான். தான் இதுவரை நாலு பிள்ளை பெற்றிருப்பதாகவும் ஒன்றுகூடத் தன்னைப் பார்க்க வரவில்லை என்றும் எல்லோரிடமும் சொல்லிக் குறைபட்டுக்கொள்வான். நாலும் பிரசவத் துண்டுகள்.

மிச்சம் என்ற சொல்லும் கோஜோவின் பேச்சிலிருந்துதான் வந்தது. அவன் இங்கிலீஷில் சொன்னதைச் சூசை தன் மனதுக்குள் அப்படி மாற்றிக்கொண்டான். இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் மிச்சம் உண்டு. துண்டு முடிந்து பட்டையைக் கழற்றிய பிறகும் சில வலிகள் உடம்பை விட்டுப் போகாது. மழை பிடித்தால் கோஜோவுக்கு ஒரு பல் வலிக்கும். அந்தப் பல் அவன் வாயிலேயே இல்லை, எப்போதோ பிடுங்கியாயிற்று. முன்பு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு யாருடையதோ முழங்கால் ஒன்று படி ஏறும்போதெல்லாம் கூடவே ஏறி வந்ததாம். புதிதாக வருகிறவர்கள் பயந்து டாக்டரிடம் ஓடுவார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். பிறகு அவர்களும் ஓடுவதில்லை. மிச்சம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அந்த மாடியில் யாராவது இடுப்பைப் பிடித்தால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

சூசைக்கு ஒரு மிச்சம் இருந்தது. வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து, முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறுவது. சாப்பிட்டு முடித்ததும் எட்டிப் பார்க்கும். முதலில் எப்போதாவது வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. யாருடையதாக இருக்கும் என்று அவன் தன் துண்டுகளை மனதில் புரட்டிப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள் அந்த வலியே ஒரு துண்டாகப் பட்டை வழியாக வந்தது.

வழக்கமான காலைதான். நாலைந்து துண்டுகள் ஓடி முடிந்திருந்தன. அடுத்த துண்டு தொடங்கியதும் சூசைக்கு மயிர் சிலிர்த்தது. அதே விலா, அதே தோள்பட்டை. மிச்சமாக இருந்தபோது மெலிந்து கிடந்தது, இப்போது முழு உருவத்தோடு வந்திருந்தது. அதைவிட இன்னொன்றுதான் அவனை உலுக்கியது. துண்டில் வலி மட்டும் வராது. வலிக்கு அடியில் அந்த உடம்பும் கொஞ்சம் தெரியும். மூச்சு எப்படிப் போகிறது, கை எதைப் பிடிக்கிறது, இதெல்லாம் மங்கலாகத் தெரியும். இந்த உடம்பு வலி ஏறும்போது மூச்சை அடக்கியது. நாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு தாடை மூடி, வாயில் இல்லாத ஒன்றை இறுக்கிக் கடித்தது.

கயிறு. அந்த ஆள் கயிற்றைக் கடிக்கிறான்.

சூசையின் விரல் தன் பழக்கத்தில் ஏக் மேல் போய் அழுத்திவிட்டிருந்தது. அடுத்த துண்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. அந்த ஆள் நம்ம கரைக்காரன். நம்ம தெருவாகக்கூட இருக்கலாம். எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கயிறு இல்லாமல் கயிற்றைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கத்த மாட்டான். பட்டைதான் அவனுக்காகப் பேச வேண்டும்.

அறைக்குப் போனதும் தம்பி அல்போன்சுக்குப் போன் போட்டான். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டை வந்திருப்பதாக அல்போன்ஸ் எப்போதோ சொல்லியிருந்தான். அல்போன்ஸ் வலை பிரித்துக்கொண்டிருந்தான் போல, பின்னால் ஆட்கள் சத்தம் கேட்டது.

"ஏல, உனக்கு விலாவுல வலி கிலி இருக்கா?"

"எனக்கா? எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஏம்ண்ணே, அங்க குளிருல மண்டை உறைஞ்சு போச்சா?"

"வெளையாடாத. வலது பக்கம். சோறு தின்னதும் வரும். தோளுக்கு ஏறும்."

"சோறு தின்னதும் எனக்குத் தூக்கந்தாம்ண்ணே வரும்."

சூசை விடவில்லை. போய் ஸ்கேன் எடு என்று கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு அம்மா மேல் ஆணையிட்டான். அல்போன்ஸ் கடைசியில் அண்ணன் வாயை அடைக்கவென்றே போய் எடுத்தான். எல்லாம் சுத்தமாக இருந்தது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, உள்ளே எல்லாம் புது வீடு மாதிரி இருக்காம், நீ எப்போ பால் காய்ச்ச வாற என்று எழுதியிருந்தான். சூசைக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி இல்லையென்றால் வேறு யாரோ.

அந்த ஆள் திரும்பத் திரும்ப வந்தான். சில நாள் விட்டு வந்தான், பிறகு அடுத்தடுத்த நாளே வந்தான். ஒவ்வொரு தடவையும் வலி ஒரு படி ஏறியிருந்தது. இப்போது அதில் ஒரு குளிர் நடுக்கமும் சேர்ந்திருந்தது. சூசை அந்தத் துண்டை எதிர்பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வந்தால் கஷ்டமாக இருந்தது, வராவிட்டால் அதைவிட மோசமாக இருந்தது. அறையில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் விலாவுக்குக் கீழே அவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். சூசை அவனோடு பேசக்கூட ஆரம்பித்தான். இருய்யா, செத்த பொறுத்துக்க, நான் சொல்லுதேன், நான் சொல்லுதேன்.

ஒரு தடவை துண்டு முடிந்ததும் விரலைத் தூக்கி, நன்றாக யோசித்து, அகனியை அழுத்தினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவை.

திரை ஒரு நொடி நின்றது. பிறகு அளவுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரி வந்தது. அகனி இருந்த இடத்தில் ஏக் என்று தானாக மாறிற்று. சூசை திரும்பவும் அழுத்தினான். திரும்பவும் மாறிற்று.

அவன் நேராக வதனியின் அறைக்குப் போனான். மூன்று வாரமாகச் சொல்லி வந்ததையே, வள்ளம், கயிறு என்ற ஊர்ப் பழக்கத்தோடு சேர்த்து, திரும்பவும் கொட்டினான். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான், அவனை உடனே உள்ள தூக்கணும், அவன் எந்த ஆஸ்பத்திரி, என்ன பேரு என்று பார்த்துச் சொல்லுங்க என்றான். துண்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று தேடக் கூடாது என்பதுதான் அங்கே முதல் விதி என்று வதனி நினைவுபடுத்தினார். இதே பேச்சு ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை நடந்து, ஒவ்வொரு தடவையும் அவர் மறுத்திருந்தார்.

"சரிக்கா. பேரு வேண்டாம். நான் போட்ட சொல்ல அது ஏன் மாத்துது? அதையாவது சொல்லுங்க."

வதனி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது உங்கட அளவுதான் சூசை."

"புரியல."

"பத்துப் பேர் பத்து மாதிரி அழுத்துவினம். மெஷினுக்கு ஒரு ஆளின்ரை அளவு வேணும், மற்ற ஆக்களை அதோட ஒப்பிட்டுத் திருத்திறதுக்கு. தெற்காசிய ஆக்களுக்கு உங்கட அளவைத்தான் வைச்சிருக்கினம். எல்லாரிலும் நீங்கள்தான் மாறாமல் அழுத்துற ஆள். மேல இருக்கிறவையளுக்கு நல்ல சந்தோசம். இப்ப நீங்களே மாத்தி அழுத்தினாலும் அது பழைய சூசையைத்தான் நம்பும்."

சூசை தன் இடது கையைப் பார்த்தான்.

"அப்போ எங்க ஆளுக எல்லாருக்கும்..."

"ஓம். பட்டை ஒட்டுற எல்லாருக்கும். உங்களுக்குத் தாங்கக்கூடியது அவையளுக்கும் தாங்கக்கூடியது எண்டுதான் அது நினைக்கும்." வதனி மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "இந்தியாவில எங்கையோ ஒரு பிள்ளைத்தாச்சி. பட்டை ஏக் எண்டு காட்டியிருக்கு. இன்னும் நேரம் கிடக்கு எண்டு சொல்லி வெளியால இருத்தி வைச்சிருக்கினம். நான் மேல எழுதினனான். அளவை மாத்துங்கோ எண்டு. ஒரு ஆளை வைச்சு முடிவெடுக்கேலாது எண்டு பதில் வந்தது."

"அந்தப் பொண்ணு?"

வதனி திரும்பவும் அதே இடத்தைத் துடைத்தார்.

சூசை எழுந்து நின்றான். நின்றதும் விலாவுக்குக் கீழே அந்த ஆள் முறுக்கினான். சூசை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினான். தாடை இறுகியது. அது போகிற வரை நின்றுவிட்டு, "அவன மட்டுமாவது காப்பாத்திருங்கக்கா. என்னால ஒருத்தனாவது சாகாம இருக்கட்டும். உங்க வேலைக்கு ஏதும் வந்தா நான் திருடிப் பாத்தேன்னு சொல்லிருதேன்," என்றான்.

வதனி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேடி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. சூசை ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு படகிலிருந்து பெட்டி பெட்டியாக மீன் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டச்சுச் சத்தம் நின்றது. சூசை திரும்பிப் பார்த்தான். வதனியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"செத்துட்டானாக்கா?"

"இல்லை." அவர் எழுந்து வந்தார். "சூசை, இருங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சில துண்டுகள் வெளியால இருந்து வாறேல்லை. உங்கட அளவு மாறாமல் இருக்கோ எண்டு பாக்கிறதுக்கு, நீங்கள் அடுத்த துண்டுக்குக் காத்துக்கொண்டிருக்கேக்க பட்டை உங்களிட்ட இருந்தே எடுக்கும். எடுத்து, பிறகு ஒருநாள் உங்களுக்கே போடும். உங்கட உடம்பில நோவு ஒண்டும் இருக்காது, சும்மா வெறும் துண்டாத்தான் இருக்கும் எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் செய்தவை."

சூசை விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டான்.

"இது மிச்சம்க்கா," என்றான். "எனக்கு இருக்கது மிச்சம்."

"மிச்சம் இல்லை."

"அவன் எங்க ஊர்க்காரன். கயித்தக் கடிக்கான். நான் பாத்தேன்."

"ஓம் சூசை. உங்கட ஊர்க்காரன்தான்."

வெளியே கடற்காக்கைகள் படகைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. மூன்று வாரமாக யாரோ ஒருவனுக்காகத் தூக்கம் கெட்டது, தம்பியிடம் கெஞ்சியது, தனியாக உட்கார்ந்து இரு இரு என்று சமாதானம் சொன்னது எல்லாம் அவனுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவனுக்குப் பயம் வரவில்லை. வந்தது ஒரு வெறுமைதான். அந்த ஆள் இல்லை என்பது, கூடவே இருந்த ஒருவர் சொல்லாமல் போய்விட்டது போல இருந்தது.

வதனி தன் காரில் அவனை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் அவனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நெற்றி கொதித்தது. அவசரப் பகுதியில் கூட்டம் அதிகமில்லை. ஒரு நர்ஸ் வந்து கனிவாகவே பேசினார், பெயர் கேட்டார், ஊர் கேட்டார், தட்டச்சு செய்துகொண்டார். பிறகு சூசையின் காலரை விலக்கிப் பின்கழுத்தில் ஒரு புதுப் பட்டையை ஒட்டினார்.

கையிலிருந்த திரையைப் பார்த்தார். டிஸ்கம்ஃபர்ட் என்று இருந்தது.

வலி வந்து வந்து போகிறது போலிருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள், உங்களுக்கு முன்னால் சிலர் இருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். வதனி இங்கிலீஷில் சண்டை பிடித்தார். அந்தப் பட்டை எப்படி அளக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றும், அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். நர்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டைக்கு யார் மேலும் தனிப் பாசம் கிடையாது, அதனால்தான் அதை வைத்திருக்கிறோம் என்றார். பிறகு சூசையின் பக்கம் குனிந்து, நீங்களே சொல்லுங்கள், எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

சூசை வாயைத் திறந்தான். அவன் கற்றுக்கொண்ட எல்லாச் சொற்களும் வரிசையாக வந்து நின்றன. எந்தச் சொல் எதோடு சேரும், எது சேராது என்று எல்லாம் தெரிந்திருந்தது. மேல்படிச் சொல் தொண்டை வரை வந்தது.

"ஓகே," என்றான். "ஐயாம் ஓகே."

நர்ஸ் புன்னகைத்துவிட்டு நகர்ந்தார். வதனி அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"என்ன செய்யிறியள் நீங்கள்? கத்துங்கோ."

"வரலக்கா."

"அழுங்கோ. நிலத்தில விழுந்து உருளுங்கோ. இஞ்ச ஒருத்தரும் வள்ளத்தைத் திருப்பத் தேவையில்லை."

"வரலக்கா. நெசமா வரல. நான் என்ன செய்ய?" அவன் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கையை மடித்து விலாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு மூச்சை அடக்கினான். நாக்கு பின்னுக்குப் போனது. வாயில் இல்லாத கயிற்றில் தாடை இறங்கியது.

வதனி அதைப் பார்த்தார். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்காண்டிக் கத்த வேண்டாம். அந்த ஆளுக்காண்டிக் கத்துங்கோ. மூண்டு கிழமையா அவருக்காக என்னோட சண்டை பிடிச்சனீங்கள்தானே. அவர் வெளியால இருக்கிறார் சூசை. அவரை ஒருத்தரும் உள்ள கூப்பிடேல்லை. அவர் வாய் திறக்க மாட்டார்."

சூசை கண்ணை மூடினான். அந்த ஆளைப் பார்த்தான். எங்கோ ஒரு வராந்தா, ஒரு பெஞ்சு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் துணைக்கு ஒருவரும் இல்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அவனை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அவன் ஒவ்வொருவரிடமும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பாவிப்பய, என்று சூசை நினைத்தான். ஒரு வார்த்தை சொன்னா என்னல.

அந்த நினைப்பிலேயே அவன் தாடை விட்டது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அது தமிழுமில்லை, இங்கிலீஷுமில்லை. வின்ச்சில் போன விரல்களும், கல்லும், எண்ணெய் கொட்டிய தோளும், அவன் சின்னப் பெயர் சூட்டி அனுப்பிய மற்ற எல்லாமும் அந்த ஒரு வாய் வழியாக வெளியே வந்தது போல இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு குழந்தை வீறிட்டது. நர்ஸ் திரும்பி ஓடி வந்தார், உள்ளேயிருந்து இரண்டு டாக்டர்கள் ஓடி வந்தார்கள். சூசை நிறுத்தவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போதும் நிறுத்தவில்லை. நர்ஸின் கையிலிருந்த திரை அப்போதும் டிஸ்கம்ஃபர்ட் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவன் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

பித்தப்பை உள்ளேயே உடைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் வயிற்றைத் திறந்து சுத்தம் செய்து மூடினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது, இனிப் பயமில்லை, ஆள் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் வந்து வதனியிடம் சொன்னார்.

மறுநாள் காலை கோஜோ வேலைக்கு வந்து பட்டையை ஒட்டிக்கொண்டான். முதல் துண்டு சூசை கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது; வலது விலாவுக்குக் கீழே தொடங்கித் தோளுக்கு ஏறியது. அது முடிந்ததும் கோஜோ தமாஷ் எதுவும் பேசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அகனியை அழுத்தினான். அளவுக்குப் பொருந்தவில்லை என்று திரை சொன்னது. ஏக் என்று மாற்றிக்கொண்டு அடுத்த துண்டை ஓட்டியது.